பூச்சிகள் தோலுரிப்பதையும் உருமாறுவதையும் ஹார்மோன்கள் நடத்தும் விதம்: ஒரு முழுமையான வழிகாட்டி

பூச்சியின் உடலைப் போர்த்தியிருக்கும் ஓடு, அதற்குத் தோலாகவும் எலும்புக்கூடாகவும் ஒருங்கே பயன்படுகிறது. தசைகள் அதன் உட்புறத்தைப் பற்றிக்கொண்டே இயங்குகின்றன. உடலின் ஈரம் வற்றிவிடாமல் காப்பதும் அதுவே. ஆனால் ஒருமுறை கெட்டிப்பட்ட ஓடு அதன்பின் வளர்வதில்லை. பட்டுப்புழு முட்டையிலிருந்து வெளிவந்த நாள் முதல் கூடு கட்டும் நாள் வரை எடையில் சுமார் 10,000 மடங்கு பெருக்கிறது. இவ்வளவு வளர்ச்சிக்கும் இடம்கொடுக்க அது நான்கு முறை தோலுரித்தாக வேண்டியிருக்கிறது. எப்போது தோலுரிப்பது, அதன் வேலைகளை எந்த வரிசையில் செய்வது, உரித்தபின் வெளிவருவது இன்னொரு புழுவா, கூட்டுப்புழுவா, சிறகு கொண்ட முதிர்பூச்சியா என்ற மூன்றையும் முடிவு செய்பவை ஹார்மோன்கள்.

எக்டைசோன் தோலுரிக்க வைக்கிறது, இளம்பருவ ஹார்மோன் உருமாற்றத்தைத் தடுக்கிறது என்று பாடநூல்கள் பெரும்பாலும் இரண்டு வரிகளில் இதை முடித்துவிடுகின்றன. அவை தவறான வரிகள் அல்ல. ஆனால் அவற்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு உண்மையான ஒரு தோலுரிப்பைத் தொடக்கம் முதல் முடிவு வரை விளக்க முடியாது. ஒரு ஹார்மோன் இரத்தத்தில் ஏறுவது எப்படி ஒரு கட்டளையோ, அது இறங்குவதும் அப்படியே ஒரு கட்டளை. அந்த ஏற்றமும் இறக்கமும் எந்த நாளில், எந்த மணியில் நிகழ்கின்றன என்பதைப் பொறுத்தே திசுக்கள் பதில் தருகின்றன. கீழ்வரும் படிகள் அனைத்தையும் இதை மனத்தில் கொண்டே படிக்க வேண்டும்.

முதல் படி: எது உரிகிறது என்பதைத் தெரிந்துகொள்ளுதல்

ஓட்டின் அடியில் ஒரே ஓர் அடுக்காகப் புறத்தோல் செல்கள் இருக்கின்றன. ஓடு முழுவதையும் சுரந்து உண்டாக்குபவை அவையே. ஓட்டின் மேற்பரப்பில், கைட்டின் என்னும் உறுதியான நார்ப்பொருள் இல்லாத, மெழுகும் கொழுப்பும் கலந்த மிக மெல்லிய மேலடுக்கு உண்டு. அதற்குக் கீழே கைட்டினும் புரதமும் கொண்ட தடித்த பகுதி இருக்கிறது. அதில் மேல்பாதி இறுகிக் கெட்டிப்பட்டும் கீழ்ப்பாதி மென்மையாகவும் இருக்கும்.

தோலுரிப்பு என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு வெவ்வேறு நிகழ்ச்சிகள் அடங்கியுள்ளன. முதலாவது, செல்களின் அடுக்கு பழைய ஓட்டிலிருந்து விலகுவது. இரண்டாவது, பழைய ஓடு வெடித்து, பூச்சி அதிலிருந்து வெளியேறுவது. இவற்றுக்கிடையே பல மணி நேரமோ பல நாட்களோ செல்லலாம். அந்த இடைவெளியில் பூச்சி, தன் புதிய உருவத்தைப் பழைய ஓட்டுக்குள் மறைத்து வைத்துக்கொண்டு நடமாடுகிறது. விலகலைத் தொடங்கி வைப்பது எக்டைசோனின் ஏற்றம். வெளியேற்றத்துக்கு வழிவிடுவது அதன் இறக்கம். இவ்வேறுபாட்டைத் தொடக்கத்திலேயே பிடித்துக்கொண்டால் பின்வரும் பல குழப்பங்கள் எழாமலே போகும்.

இரண்டாம் படி: சுரப்பிகளை இனங்காணுதல்

மூளையில் சில நரம்புச் சுரப்பு செல்கள் உள்ளன. மூளைக்குப் பின்புறம் கார்பஸ் கார்டியாக்கம், கார்பஸ் அல்லேட்டம் என இரண்டு இணைச் சிற்றுறுப்புகள் ஒட்டியிருக்கின்றன. முன்மார்புப் பகுதியில் முன்மார்புச் சுரப்பிகள் இருக்கின்றன. ஈக்களின் புழுக்களில் இச்சுரப்பிகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து, இதயக்குழாயைச் சூழ்ந்த ஒரு சிறு வளையமாக அமைந்துள்ளன.

மூளைக்கும் உருமாற்றத்துக்கும் உள்ள தொடர்பை முதலில் காட்டியவர் போலந்தைச் சேர்ந்த ஸ்டெஃபான் கோபெச். 1917-லும் 1922-லும் அவர் வெளியிட்ட ஆய்வுகளில் ஜிப்சி அந்துப்பூச்சியின் கடைசிப் பருவப் புழுக்களை நடுவுடலில் நூலால் இறுக்கிக் கட்டினார். குறிப்பிட்ட ஒரு நாளுக்கு முன் கட்டினால் முன்பாதி மட்டும் கூட்டுப்புழுவாக மாறியது, பின்பாதி புழுவாகவே நின்றது. அந்நாளுக்குப் பின் கட்டினால் இரு பாதிகளும் மாறின. நரம்புத் தண்டை வெட்டியபோது எந்த மாற்றமும் ஏற்படவில்லை. மூளையை அகற்றியபோது, உரிய நாளுக்கு முன்னரே அகற்றியிருந்தால், உருமாற்றம் நின்றது. ஆகவே மூளை நரம்பின் வழியாக அல்லாமல் இரத்தத்தின் வழியாக ஒரு பொருளை அனுப்புகிறது என்ற முடிவுக்கு அவர் வந்தார். நரம்பு மண்டலம் ஹார்மோன் சுரக்கக்கூடும் என்பதற்கு விலங்குலகில் கிடைத்த மிகத் தொடக்ககாலச் சான்றுகளுள் இது ஒன்று. ஒரு நூலையும் ஒரு நாட்காட்டியையும் வைத்துக்கொண்டு எட்டிய இந்த முடிவை இன்றைய மாணவர்கள் ஒவ்வொருவரும் நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

1940-ல் ஃபுகுடா பட்டுப்புழுவில் முன்மார்புச் சுரப்பியே தோலுரிக்கும் ஹார்மோனின் இருப்பிடம் என்று காட்டினார். பின்னர் கேரல் வில்லியம்ஸ், செக்ரோப்பியா பட்டுப்பூச்சியின் உறங்கும் கூட்டுப்புழுக்களைக் கொண்டு இரு கண்டுபிடிப்புகளையும் இணைத்தார். தலையும் மார்பும் நீக்கப்பட்ட ஒரு வயிற்றுப்பகுதிக்குள் குளிரூட்டப்பட்ட மூளையை மட்டும் வைத்தால் எதுவும் நடக்கவில்லை. முன்மார்புச் சுரப்பியையும் சேர்த்து வைத்தால் அந்த வயிறு வளர்ச்சியைத் தொடங்கியது. மூளை சுரப்பியைத் தூண்டுகிறது, சுரப்பி உடலைத் தூண்டுகிறது என்ற இரண்டடுக்கு வரிசை இவ்வாறு நிறுவப்பட்டது.

மூன்றாம் படி: மூளை முடிவெடுப்பதைப் பின்தொடர்தல்

மூளை அனுப்பும் அந்தப் பொருள், பி.டி.டி.எச் எனச் சுருக்கமாக அழைக்கப்படும் ஒரு புரத ஹார்மோன். அந்துப்பூச்சிகளில் அது மூளைச் செல்களில் உருவாகி, அவற்றின் நீண்ட இழைகள் வழியே கார்பஸ் அல்லேட்டம் வரை சென்று, அங்கிருந்து இரத்தத்தில் விடப்படுகிறது. எப்போது அதை விட வேண்டும் என்று மூளை எப்படி அறிகிறது என்பது இனத்துக்கு இனம் வேறுபடும். ரோட்னியஸ் என்னும் இரத்தம் உறிஞ்சும் பூச்சி ஒவ்வொரு பருவத்திலும் வயிறு புடைக்க ஒரு முறை இரத்தம் குடித்தால் போதும். வயிறு விரிந்த செய்தி நரம்பு வழியாக மூளையை அடைந்து தோலுரிப்பு தொடங்குகிறது. புகையிலைக் கொம்புப்புழுவோ ஒரு குறிப்பிட்ட எடையை எட்ட வேண்டும். அந்த எடையைத் தாண்டியபின் பட்டினி போட்டாலும், உரிய காலத்தில் உருமாற்றம் நடந்தே தீரும். தாண்டுவதற்கு முன் பட்டினி போட்டால் அது தள்ளிப்போகும். ஒரு பருவத்துக்குள் உடல் பெருத்தாலும் மூச்சுக்குழல்களின் பெருங்கிளைகள் அதே அளவில் பெருப்பதில்லை என்பதால், திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாமல் போவதும் இந்த எடையை உணரும் வழிகளுள் ஒன்று எனக் கருதப்படுகிறது.

எடை நிறைந்த உடனேயே பி.டி.டி.எச் வெளியாகிவிடுவதும் இல்லை. கொம்புப்புழுவில் அது நாளின் குறிப்பிட்ட நேரத்தில் மட்டுமே திறக்கும் ஒரு வாயிலுக்குக் காத்திருக்கிறது. அந்த நேரத்தைத் தவறவிட்ட புழு மறுநாள் வரை தின்றுகொண்டே இருக்கும். ஒரே நாளில் பொரித்த புழுக்கள் இரண்டு கூட்டங்களாகப் பிரிந்து உருமாறுவதற்கு இதுவே காரணம்.

நான்காம் படி: எக்டைசோன் உருவாதல்

பி.டி.டி.எச் முன்மார்புச் சுரப்பியை அடைந்ததும், அங்குள்ள செல்கள் கொலஸ்டிராலிலிருந்து எக்டைசோனைத் தயாரிக்கின்றன. பூச்சிகளால் கொலஸ்டிராலைத் தாமாக உருவாக்க முடியாது; உணவிலிருந்தே பெற வேண்டும், அல்லது உண்ட தாவரத்தின் ஸ்டீரால்களை மாற்றிக்கொள்ள வேண்டும். ஆகவே தோலுரிப்பின் மூலப்பொருளே தீனியிலிருந்துதான் வருகிறது. சுரப்பி வெளியிடும் எக்டைசோன், கொழுப்புத் திசு போன்ற பிற திசுக்களில் 20-ஹைட்ராக்சி எக்டைசோன் என்னும் வீரியமிக்க வடிவமாக மாற்றப்படுகிறது. இந்தக் கடைசி வடிவமே பெரும்பாலான விளைவுகளுக்குப் பொறுப்பு என்பதால், உடலில் எக்டைசோன் ஏறுகிறது, இறங்குகிறது என்று சொல்லும் இடமெல்லாம் அதையே கொள்ள வேண்டும்.

1954-ல் அடால்ஃப் பூட்டனாண்டும் பீட்டர் கார்ல்சனும் 500 கிலோ பட்டுக்கூட்டுப்புழுக்களிலிருந்து 25 மில்லிகிராம் எக்டைசோன் படிகத்தைப் பிரித்தெடுத்தனர். அதன் மூலக்கூறு அமைப்பு 1965-ல் தெளிவானபோது, அது மனித உடலின் பாலியல் ஹார்மோன்களைப் போல ஒரு ஸ்டீராய்டு என்று உறுதியானது. ஸ்டீராய்டு என்பதால் அது செல்லுக்குள்ளேயே நுழைந்து மரபணுக்களின் அருகில் வேலை செய்கிறது.

ஐந்தாம் படி: மரபணுக்கள் வரிசையாக விழித்தல்

1960-ல் உல்ரிச் கிளெவரும் கார்ல்சனும் கைரோனோமஸ் என்னும் கடிக்காத கொசுவினப் புழுவுக்கு எக்டைசோனை ஊசி மூலம் ஏற்றி, அதன் உமிழ்நீர்ச் சுரப்பியின் பெருங்குரோமோசோம்களை நுண்ணோக்கியில் கவனித்தனர். மிகக் குறுகிய நேரத்தில் குறிப்பிட்ட சில இடங்கள் மட்டும் புடைத்து எழுந்தன. அந்தப் புடைப்புகள், மரபணுக்கள் செயல்படும் இடங்கள். ஸ்டீராய்டு ஹார்மோன் நேரடியாக மரபணுவை இயக்குகிறது என்பதைக் கண்ணால் காட்டிய முதல் சோதனை அதுவே.

மைக்கேல் ஆஷ்பர்னரும் அவருடைய குழுவினரும் 1970-களில் பழ ஈயின் சுரப்பியைத் தட்டில் வளர்த்து இதை மேலும் நுணுகி ஆராய்ந்தனர். சில நிமிடங்களில் தோன்றும் முதல் புடைப்புகள் ஒரு வகை; பல மணி நேரம் கழித்துத் தோன்றும் பின்புடைப்புகள் இன்னொரு வகை. புரத உற்பத்தியை மருந்தால் நிறுத்திவிட்டால் முதல் வகை தோன்றும், ஆனால் அடங்காது. இரண்டாம் வகை தோன்றவே தோன்றாது. முதல் மரபணுக்கள் உண்டாக்கும் புரதங்கள், தம்மைத் தாமே அடக்கிக்கொண்டு அடுத்த வரிசையை எழுப்புகின்றன என்று இதிலிருந்து அவர் ஊகித்தார். பிற்கால மூலக்கூறு ஆய்வுகள் அந்த ஊகத்தை உறுதிப்படுத்தின. செல்லுக்குள் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி, இரண்டு புரதங்கள் இணைந்த ஒன்று. அதன் ஒரு பாதியின் மரபணு 1991-ல் பழ ஈயில் இனங்காணப்பட்டது. வேறு சில மரபணுக்கள் எக்டைசோன் உயர்ந்திருக்கும் வரை மூடிக் கிடந்து, அது இறங்கிய பிறகே திறக்கின்றன. எஃப்.டி.இசட்-எஃப்1 என்பது அவற்றுள் ஒன்று. அடுத்த கட்டத்துக்குத் திசுக்களைத் தயார்ப்படுத்துவது அதுதான்.

ஆறாம் படி: ஓட்டுக்கு அடியில் நடக்கும் வேலை

எக்டைசோன் ஏறியதும் புறத்தோல் செல்கள் பெருகி, பழைய ஓட்டிலிருந்து விலகுகின்றன. இடையே உண்டான இடைவெளியில் செரிமான நொதிகள் அடங்கிய ஒரு திரவம் சுரக்கிறது. அந்த நொதிகள் முதலில் செயலற்றே இருக்கும். புதிய ஓட்டின் மெல்லிய மேலடுக்கு முழுமையாக அமைந்து, அதன் அடியில் உள்ள செல்களுக்குப் பாதுகாப்பு கிடைத்த பிறகே அவை செயல்படத் தொடங்கிப் பழைய ஓட்டின் மென்மையான கீழ்ப்பகுதியைக் கரைக்கின்றன. கரைந்த கைட்டினும் புரதமும் வீணாவதில்லை; செல்கள் அவற்றை உறிஞ்சிப் புதிய ஓட்டுக்கே பயன்படுத்துகின்றன. கடைசியில் உரிந்து விழுவது, கெட்டிப்பட்ட மேற்பகுதி மட்டுமே.

வளர்ப்புத் தட்டில் உள்ள பட்டுப்புழுவிடம் இதைக் கண்ணாலேயே காணலாம். தின்றுகொண்டிருந்த புழு திடீரென்று தீனியை விட்டுவிட்டு, பின்கால்களால் ஊன்றி, தலையையும் மார்பையும் உயர்த்தி அசையாமல் நிற்கும். உற்று நோக்கினால், பழைய தலை ஓடு சற்றே முன்னுக்குத் தள்ளப்பட்டு, அதற்குப் பின்னால் கழுத்துப் பகுதியில் ஒரு முக்கோண வடிவம் தெரியும். அதுதான் அடுத்த பருவத்தின் தலை. பழைய தலை ஓட்டுக்குள் அடங்காத அளவுக்குப் பெரிதாக உருவாகியிருப்பதால் அங்கே காத்திருக்கிறது. வெளிப்பார்வைக்கு உறக்கம் போலத் தோன்றும் இந்த நேரம், புழுவின் வாழ்நாளிலேயே மிகப் பரபரப்பான நேரங்களுள் ஒன்று.

ஏழாம் படி: எந்த உருவம் என்பதை முடிவு செய்தல்

இதுவரை சொன்னவை, தோலுரிப்பு நிகழ்வதை விளக்குகின்றன. எந்த உருவத்துக்கு என்பதை விளக்கவில்லை. அதை முடிவு செய்வது, கார்பஸ் அல்லேட்டம் சுரக்கும் இளம்பருவ ஹார்மோன். 1930-களில் வின்சென்ட் விக்கிள்ஸ்வொர்த் ரோட்னியஸில் செய்த சோதனைகள் இதைத் தெளிவாக்கின. ரோட்னியஸுக்கு ஐந்து இளம்பருவங்கள் உண்டு. ஐந்தாவதற்குப் பின் சிறகுள்ள முதிர்பூச்சி வரும். முதல் பருவத்தில் உள்ள ஒரு சிறு பூச்சியின் தலையை நீக்கி, தோலுரிக்கத் தயாராகும் ஐந்தாம் பருவப் பூச்சியுடன் இரத்தம் கலக்குமாறு அவர் இணைத்தார். அந்தச் சிறு பூச்சி, நான்கு பருவங்களைத் தாண்டி, முதிர்பூச்சியின் அடையாளங்களைப் பெற்றது. மாறாக, இளைய பருவத்தின் கார்பஸ் அல்லேட்டத்தை ஐந்தாம் பருவத்தில் பொருத்தியபோது, இயற்கையில் இல்லாத ஆறாம் பருவ இளம்பூச்சி உருவானது.

1956-ல் வில்லியம்ஸ், செக்ரோப்பியா ஆண் பூச்சிகளின் வயிற்றிலிருந்து இந்த ஹார்மோன் நிறைந்த எண்ணெயைப் பிரித்தெடுத்தார். மூலக்கூறு அமைப்பு 1967-ல் வெளியானது. செல்லுக்குள் இந்த ஹார்மோன், மெட் என்னும் ஏற்பியுடன் சேர்ந்து கே.ஆர்-எச்1 என்னும் மரபணுவை இயக்குகிறது. கே.ஆர்-எச்1 செயல்படும் வரை, கூட்டுப்புழுப் பருவத்தைத் தொடங்கும் மரபணுவும் முதிர்பூச்சியை உருவாக்கும் ஈ93 என்னும் மரபணுவும் அடங்கியே கிடக்கின்றன.

இங்கே, நெடுங்காலமாகத் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் ஒரு விளக்கத்தைக் கைவிட வேண்டும். இளம்பருவ ஹார்மோன் மிகுதியாக இருந்தால் புழு, ஓரளவு இருந்தால் கூட்டுப்புழு, இல்லாவிட்டால் முதிர்பூச்சி என்று படிக்கட்டு போன்ற ஒரு படம் வரைவது வழக்கம். திசுக்கள் அப்படி அளவெடுத்துப் பார்ப்பதில்லை. எக்டைசோன் ஏறும் குறிப்பிட்ட மணிகளில் இளம்பருவ ஹார்மோன் இருக்கிறதா, இல்லையா என்பதையே அவை கவனிக்கின்றன. கொம்புப்புழுவின் கடைசிப் பருவத்தில் உரிய எடை எட்டப்பட்டதும் இளம்பருவ ஹார்மோன் இறங்குகிறது. அதைச் சிதைக்கும் நொதியும் இரத்தத்தில் கூடுகிறது. அது இல்லாத நேரத்தில் எக்டைசோன் சிறிதளவு ஏறுகிறது. அந்தச் சிறு ஏற்றமே, புழு தீனியை நிறுத்தி, குடலைக் காலி செய்து, மண்ணில் இடம் தேடி அலையக் காரணம். புறத்தோல் செல்கள் கூட்டுப்புழுவின் ஓட்டை உண்டாக்கும் முடிவுக்கு வந்துவிடுவதும் அப்போதுதான். அடுத்து எக்டைசோன் பெருமளவில் ஏறும்போது இளம்பருவ ஹார்மோன் மீண்டும் தோன்றுகிறது. அப்போது அது இல்லாமற்போனால், சிறகு, கண் முதலிய முதிர்பூச்சி உறுப்புகளின் மூலத்திசுக்கள் கூட்டுப்புழுப் பருவத்தைத் தாண்டி முந்திக்கொண்டு முதிரத் தொடங்கிவிடும். கூட்டுப்புழுவுக்குள் அது மறுபடியும் மறைந்த பிறகு வரும் எக்டைசோனே முதிர்பூச்சியை உருவாக்குகிறது.

எட்டாம் படி: ஓட்டை விட்டு வெளியேறுதல்

புதிய ஓடு தயாரானதும் எக்டைசோன் இறங்க வேண்டும். அந்த நேரத்தில் எக்டைசோனை ஊசி மூலம் ஏற்றினால் வெளியேற்றம் தள்ளிப்போகிறது. மூச்சுத்துளைகளின் அருகே மூச்சுக்குழல்களின் மேல் இங்கா செல்கள் எனப்படும் பெரிய செல்கள் அமர்ந்துள்ளன. எக்டைசோன் இறங்கிய பின்னரே அவை தம்முள் சேமித்த தூண்டு ஹார்மோனை வெளிவிடும் தகுதியைப் பெறுகின்றன. அந்தத் தூண்டு ஹார்மோன் மூளையிலுள்ள சில செல்களைத் தூண்டி, எக்லோசன் ஹார்மோன் என்னும் வெளியேற்ற ஹார்மோனை வெளிவிடச் செய்கிறது. எக்லோசன் ஹார்மோன் இங்கா செல்களை மேலும் தூண்டுகிறது. ஒன்றை ஒன்று முடுக்கும் இந்தச் சுழற்சியால் சேமிப்பு முழுவதும் சிறிது நேரத்திலேயே கொட்டித் தீர்கிறது; அதன்பின் திரும்பிப் போக வழியில்லை. முதலில் உடல் சுருங்கிச் சுருங்கிப் பழைய ஓட்டைத் தளர்த்தும். பின்னர், வாலிலிருந்து தலை நோக்கி அலை அலையாக நகரும் சுருக்கங்கள் ஓட்டைப் பின்னுக்குத் தள்ளும். உரிந்த ஓட்டை எடுத்துப் பார்த்தால், மூச்சுத்துளைகளிலிருந்து மெல்லிய நூல்கள் உள்நோக்கித் தொங்குவதைக் காணலாம். அவை மூச்சுக்குழல்களின் உட்பூச்சு.

1970-ல் ஜேம்ஸ் ட்ரூமனும் லின் ரிடிஃபோர்டும் காலையில் வெளிவரும் செக்ரோப்பியாவுக்கும் பகலின் பிற்பகுதியில் வெளிவரும் இன்னொரு பட்டுப்பூச்சிக்கும் மூளைகளை மாற்றிப் பொருத்தினர். ஒவ்வொரு பூச்சியும், தன் இனத்தின் நேரத்தில் அன்றி, தனக்குப் பொருத்தப்பட்ட மூளையின் நேரத்திலேயே வெளிவந்தது.

வெளிவந்த பூச்சி வெளிறி மென்மையாக இருக்கும். காற்றை விழுங்கி, இரத்தத்தைச் சிறகுகளுக்குள் அழுத்தி, உடலை விரித்துக்கொண்ட பிறகு பர்சிகான் என்னும் ஹார்மோன் ஓட்டைக் கெட்டிப்படுத்திக் கருமையாக்குகிறது. 1962-ல் இதைக் கண்டறிந்த சோதனையில், அப்போதே வெளிவந்த ஈயின் கழுத்தை நூலால் இறுக்கியதும் உடல் வெளிறியே நின்றது. கறுக்கத் தொடங்கிய ஈயின் இரத்தத்தை அதற்குள் ஏற்றியதும் அது கறுத்தது.

ஒன்பதாம் படி: முதிர்ந்த பின்னும் உறக்கத்திலும்

பெரும்பாலான பூச்சிகளில் முதிர்பருவத்தில் முன்மார்புச் சுரப்பிகள் சிதைந்துவிடுவதால் தோலுரிப்பு அத்துடன் நின்றுவிடுகிறது. வெள்ளிமீன் எனப்படும் சிறகற்ற பூச்சி வாழ்நாள் முழுவதும் உரித்துக்கொண்டே இருக்கும். இளம்பருவ ஹார்மோன் முதிர்பூச்சிகளில் வேறொரு பணியை ஏற்று, பல இனங்களில் முட்டைக்கரு உருவாவதை நடத்துகிறது. பெண் கொசுவிலோ, இரத்தம் குடித்தபின் சினைப்பையே எக்டைசோனைச் சுரந்து அந்தப் பணியில் பங்கேற்கிறது. குளிர்காலத்தைக் கூட்டுப்புழுவாக உறங்கிக் கழிக்கும் இனங்களில், மூளை பி.டி.டி.எச் வெளியிடாமல் இருப்பதே உறக்கத்தின் காரணம்; செக்ரோப்பியாவில் பல வாரக் குளிருக்குப் பிறகே அந்த மூளை மீண்டும் விழிக்கிறது.

பத்தாம் படி: இவ்வறிவைப் பயன்படுத்தும்போது கவனிக்க வேண்டியவை

1965-ல் காரெல் ஸ்லாமா, வில்லியம்ஸ் ஆகியோரின் ஆய்வகத்தில் ஒரு வகைச் செந்நாவாய்ப்பூச்சிகள் முதிராமல் கூடுதல் இளம்பருவங்களுக்குள் சென்று மடிந்தன. அவற்றின் கிண்ணத்தில் விரித்த காகிதம் பால்சம் ஃபிர் மரத்தின் கூழால் ஆனது என்றும், அம்மரத்தில் இளம்பருவ ஹார்மோனைப் போன்ற ஒரு பொருள் உள்ளது என்றும் பின்னர் தெரியவந்தது. அதன்பின் மெத்தோப்ரீன், பைரிப்ராக்சிஃபென் போன்ற செயற்கைப் பொருள்கள் கொசுக்கட்டுப்பாட்டில் இடம்பெற்றன. கொசுவின் தீங்கு முதிர்பருவத்தில்தான் என்பதால், புழுவை முதிராமல் தடுக்கும் பொருள் அங்கே பொருந்துகிறது. இலையைத் தின்னும் புழுவிடம் அதையே தெளித்தால், தின்னும் காலம் நீளக்கூடும். பட்டு வளர்ப்பில் ஐந்தாம் பருவத்தை நீட்டிக் கூட்டின் எடையைக் கூட்ட மிகச் சிறிய அளவில் இப்பொருள்களைக் கொடுத்துப் பார்ப்பதும் இந்த விளைவை நம்பியே.

இலைப்புழுக்களுக்குப் பொருத்தமானது டெபுஃபெனோசைடு. இது எக்டைசோனின் ஏற்பியைப் பிடித்துக்கொண்டு, உரிய நாளுக்கு முன்பே தோலுரிப்பைத் தொடங்கி வைக்கிறது. புழு தீனியை நிறுத்துகிறது, தலை ஓடு நழுவுகிறது, புதிய ஓட்டின் அடுக்குகள் உருவாகத் தொடங்குகின்றன. ஆனால் இயற்கையான ஹார்மோனைப் போல இது விரைவில் சிதைந்து இறங்குவதில்லை. ஆகவே எக்டைசோன் இறங்கிய பின் திறக்க வேண்டிய மரபணுக்கள் திறப்பதில்லை, எக்லோசன் ஹார்மோன் வெளியாவதில்லை, புதிய ஓடு கெட்டிப்படுவதுமில்லை. நழுவிய தலை ஓட்டுக்குள் வாய் அடைபட்ட நிலையில், தொடங்கிய தோலுரிப்பை முடிக்க முடியாமல் அந்தப் புழு இறக்கிறது.